திண்ணையில் ஒரு மின்சார ஸ்கூட்டர்

கல்பாத்தி அக்கிரகாரத்தில் ஐப்பசித் தேர் முடிந்ததும் திடீரென்று ஒரு மௌனம் வந்துவிடும். வளையல் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். வீதி முழுவதும் காகிதமும் வாழைப்பழத் தோலுமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் என் அக்காள் மகன் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து இறக்கினான்.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"எஞ்சின், மாமா" என்றான்.

பிரித்துப் பார்த்தால் எஞ்சின் ஒன்றும் இல்லை. ஒரு சக்கரம் இருந்தது. நடுவில் பெரிய அப்பளக் கல் போல ஓர் அலுமினிய வட்டு. அதன் அச்சிலிருந்து தடித்த ஒயர்கள் மூன்றும், மெல்லிய ஒயர்கள் சிலவும் தொங்கின. "இதுதான் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே இருக்கு. தாத்தா வண்டிக்கு மாட்டப் போறேன்" என்றான்.

தாத்தா வண்டி என்றால் என் தகப்பனார் 1987இல் வாங்கிய பஜாஜ் சேதக். அப்பா ரயில்வேயில் பணியில் இருக்கும்போதே காலமானார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட எனக்கு அவர் வேலையின் பேரில்தான் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அவர் விட்டுச் சென்ற வண்டி பல வருஷங்களாகக் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பையனுக்கு அதன்மேல் கண் விழுந்ததில் வியப்பில்லை. 2021லிருந்து கேரளத்தில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 1972இல் பிறந்த சேதக் என்ற பெயரையே கம்பெனிக்காரர்கள் 2020இல் மின்சார ஸ்கூட்டருக்குச் சூட்டி விற்கத் தொடங்கிவிட்டார்கள். "அவாளே பண்ணிட்டா. நாம பண்ணப்படாதா?" என்பது பையனின் வாதம்.

பண்ணலாம். ஆனால் எப்படிப் பண்ணுவது, எது வரை பண்ணுவது என்பதை இந்த ஒரு வருஷத்தில் நானும் அவனும் பட்டுத் தெரிந்துகொண்டோம். இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீட்டுக் கொல்லைகளில் இப்படி வண்டிகள் உருவாகி வருகின்றன. அந்த வீடுகளில் உள்ள பெரியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ரயிலில் உள்ளதுதான் சக்கரத்திலும்

பையன் கொண்டு வந்த சக்கரம் எனக்குப் புதிது. அதற்குள் இருக்கும் தத்துவம் புதிதல்ல. இந்தியாவில் முதல் மின்சார ரயில் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே 1925 பிப்ரவரி 3இல் ஓடியது. சென்னையில் கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931இல் மின்சார ரயில் வந்தது. அந்தக் காலத்து மோட்டார்களில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கக் கரித்துண்டு ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். அதை 'பிரஷ்' என்பார்கள். அது தேயும், பொறி பறக்கும், மாற்ற வேண்டும். இன்று எங்கள் பாலக்காடு ஜங்ஷன் வழியாகப் போகும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின்களில் அந்தக் கரித்துண்டு கிடையாது. மின்னணுச் சாதனம் ஒன்று மூன்று கட்ட மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து மோட்டாரைச் சுழற்றுகிறது.

ஸ்கூட்டர் சக்கரத்திலும் அதே ஏற்பாடுதான். நடுவில் அசையாத செப்புச் சுருள்கள். சுற்றிலும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தங்கள். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது 'கண்ட்ரோலர்' என்னும் பெட்டி. மூன்று தடித்த ஒயர்கள் மின்சாரம் கொண்டு போகின்றன. மெல்லிய ஒயர்கள் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சேதி சொல்கின்றன. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, செயின் இல்லை, எண்ணெய் இல்லை.

இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் ஆபத்தும் வருகிறது. பெட்ரோல் எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்குத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். மின்சார வண்டிக்கு அது வேண்டாம். பெரிய கண்ட்ரோலர் ஒன்றும் இன்னும் சில பாட்டரி செல்களும் வாங்கி மாட்டினால் சக்தி கூடிவிடும். மீசை முளைக்காத பையனே செய்துவிடலாம்.

எத்தனை கிலோவாட் போதும்?

"எட்டு கிலோவாட்டாவது வேணும், மாமா" என்றான் பையன்.

"எங்கே போறதுக்குடா?"

"வாளையார் வரைக்கும் எண்பதிலே போலாம்."

அப்பாவின் சேதக் பெட்ரோலில் ஓடியபோது அதன் சக்தி ஐந்தரை கிலோவாட் அளவுதான். அதற்கும் மேலே போக வேண்டும் என்பது அவன் ஆசை. நான் பள்ளிக்கூடத்துக் கணக்கு மட்டும் தெரிந்தவன். அவனையே காகிதத்தில் கணக்குப் போடச் சொன்னேன். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொண்டோம். சமதரையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சுமார் ஒரு கிலோவாட் போதும். அதே வண்டி 80 கிலோமீட்டரில் போக வேண்டுமானால் நாலு கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சக்தி நாலு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம் காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மிக விரைவாகப் பெருகுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் குடியிருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும்.

மேடு ஏறுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பத்தடிக்கு ஓரடி ஏறும் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகச் சுமார் இரண்டரை கிலோவாட் வேண்டும். இடுக்கிப் பக்கத்து மலைப் பாதைகளில் அவ்வளவு செங்குத்து விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆக, குடும்பஸ்தன் ஓட்டும் ஸ்கூட்டருக்கு மூன்று கிலோவாட் தாராளம். எட்டு கிலோவாட் என்பது பந்தய ஆசை.

இன்னொரு பக்கமும் உண்டு. 80இல் போகும் வண்டியை நிறுத்த, 40இல் போகும் வண்டியை நிறுத்துவதைப் போல் நாலு மடங்கு வேலை பிரேக்குக்கு இருக்கிறது. பழைய சேதக்கில் இருப்பவை சின்ன டிரம் பிரேக்குகள், பத்து அங்குலச் சக்கரங்கள். மோட்டாரை மாற்றிவிட்டால் அவையும் மாறிவிடுமா?

பையன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஒப்புக்கொண்டான் என்று நினைத்தேன். அது தவறு.

அடுத்தாத்துப் பாட்டியின் இருமல்

எனக்குத் தெரியாமல் அவன் கோயம்புத்தூரில் பழைய சாமான் கடை ஒன்றில் லாப்டாப் பாட்டரிகளைக் கிலோக் கணக்கில் வாங்கி உடைத்து, விரல் பருமனான செல்களை நூற்றுக்கணக்கில் சேர்த்திருந்தான். அவற்றை நிக்கல் தகட்டால் இணைத்து 72 வோல்ட் பாட்டரி செய்வது அவன் திட்டம். எட்டு கிலோவாட் ஆசை போகவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை இரவு. நான் இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். திண்ணைப் பக்கம் பாம்பு சீறுவதுபோல ஒரு சப்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கையிலிருந்து நழுவிய தகடு ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்து ஒரு செல் புகைந்துகொண்டிருந்தது. பையன் திகைத்து நின்றான். பக்கத்தில் கிடந்த முறத்தால் அதை வீதிக்குத் தள்ளினேன். வாசல் மணலை அள்ளி அள்ளிப் போட்டோம். தீ ஒரு கணம் நாக்கை நீட்டிவிட்டு அடங்கியது. மற்ற செல்கள் ஓரடி தள்ளித் தட்டில் இருந்தன. தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

நெருப்பு அணைந்தது, புகை அணையவில்லை. எங்கள் அக்கிரகாரத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மேலே மரமும் ஓடும். மச்சு வழியாகப் புகை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. எண்பது வயதைக் கடந்த அடுத்தாத்துப் பாட்டி இருமிக்கொண்டே வாசலுக்கு வந்து, "உங்காத்திலே என்னடா கரியறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கரும்புள்ளி ஒன்று இன்றும் எங்கள் திண்ணையில் இருக்கிறது. தேய்த்துக் கழுவ வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வேலூரில் 2022 மார்ச் மாதம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் சூழ்ந்த புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அது கடையில் வாங்கிய வண்டி. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களிலும் இப்படித் தீ விபத்துகள் ஏற்பட்டன. அதன் பிறகே மத்திய அரசு பாட்டரிகளுக்கான பாதுகாப்புச் சோதனைகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் செய்த பாட்டரிக்கே இவ்வளவு சோதனை வேண்டியிருந்தது. திண்ணையில் செய்த பாட்டரியை யார் சோதிப்பது?

பார்சல் ஆபீஸில் மோட்டார் சைக்கிள் அனுப்ப வருகிறவர்களிடம் முதலில் நாங்கள் சொல்வது, "பெட்ரோலை வடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள்" என்பதுதான். டாங்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவோம். பாட்டரியில் இருப்பதை அப்படி வடித்துக் காட்ட முடியாது. ஓடாமல் நிற்கும்போதும், நாம் தூங்கும்போதும், அது அங்கேயே இருக்கிறது.

ஒரு தமிழர் பங்கு கொண்ட கதை

மறுநாளே அந்தச் செல்களைக் கழிவு மின்சாதனம் வாங்குகிறவரிடம் சேர்ப்பித்தோம். பையன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே ஒரு புத்தகத்தோடு வந்தான். "வேற மாதிரி செல் இருக்கு, மாமா. லித்தியம் இரும்பு பாஸ்பேட்" என்றான்.

லித்தியம் பாட்டரி என்பது ஒரே சரக்கு அல்ல. நேர்முனையில் எந்தப் பொருளை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். லாப்டாப் செல்களில் பெரும்பாலும் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகள் இருக்கும். அவை கனம் குறைந்தவை, சக்தி மிகுந்தவை. ஆனால் மிகவும் சூடேறினால் அந்த ஆக்சைடே ஆக்சிஜனை வெளிவிட்டுத் தன் நெருப்புக்குத் தானே காற்று கொடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தத் தீயை அணைப்பது கடினம். இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, எளிதில் விடுபடாது. கனம் சற்று அதிகம், பொறுமையும் அதிகம்.

இந்த இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் கூடத்தில் நடந்து 1997இல் வெளியாயிற்று. அவரோடு சேர்ந்து அதை எழுதியவர்களில் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரு இந்தியர்களும் உண்டு. அதற்கு முன்பே 1980களின் பிற்பகுதியில், இரும்போடு சல்பேட் போன்ற கூட்டணுக்களைச் சேர்த்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று குட்இனஃபோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். அவர் தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். லித்தியம் பாட்டரிக்காகக் குட்இனஃபுக்கும் மற்ற இருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது தொண்ணூற்றேழு வயதாகியிருந்த குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் இந்த மந்திரம்தான். கிராமத்துப் பள்ளியில் தொடங்கிய தமிழர் ஒருவரின் உழைப்பும் அந்தச் செல்லுக்குள் இருக்கிறது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

இரண்டாவது முறை

இரண்டாவது முறை நாங்கள் அவசரப்படவில்லை. புதிய இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறு வாங்கினோம். ஒன்று 3.2 வோல்ட், பதினாறும் வரிசையில் சேர்ந்தால் 51.2 வோல்ட். 60 ஆம்பியர்-மணி கொள்ளளவுக்குச் சுமார் மூன்று யூனிட் மின்சாரம் பிடிக்கும். பெட்டியோடு எடை 25 கிலோ அளவில் வந்தது. அதே மின்சாரத்தைப் பழைய ஈயப் பாட்டரியில் வைக்க வேண்டுமானால் 80 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கும். முழுச் சார்ஜுக்கு இழப்பையும் சேர்த்து மூன்றரை யூனிட் என்று வைத்துக்கொண்டால், யூனிட் எட்டு ரூபாய் ஆனாலும் 28 ரூபாய்தான். அதில் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டலாம். பெட்ரோலானால் இருநூறு ரூபாய்க்குக் குறையாது.

பையன் கற்ற பாடங்களை மற்றப் பையன்களுக்காக இங்கே சொல்கிறேன். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றின் கைப்பிடியிலும் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். இந்தச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அது பழுத்துவிடும். கையில் மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. பாட்டரியிலிருந்து வரும் முதல் ஒயரிலேயே பியூஸ் இருக்க வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காவல் காக்கும் 'பி.எம்.எஸ்.' என்ற பலகை இல்லாமல் சார்ஜ் ஏற்றவே கூடாது. பதினாறில் ஒன்று அளவு மீறினாலும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். சார்ஜரும் அந்தச் செல்லுக்கு உரியதாக இருக்க வேண்டும். பதினாறு இரும்பு பாஸ்பேட் செல்களுக்கு உச்ச வரம்பு 58.4 வோல்ட். வேறு வகைப் பாட்டரியின் சார்ஜரைச் செருகுவது நெருப்பை அழைப்பதாகும்.

வண்டியைத் தயார் செய்ததில் எதிர்பாராத தொல்லை ஒன்று வந்தது. சேதக்கில் பின்சக்கரம் எஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கையும் எஞ்சின்தான். எஞ்சினைக் கழற்றினால் வண்டிக்குப் பின்கால் இல்லை! ஒலவக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தடித்த இரும்பில் புதிய கை செய்து கொடுத்தார். "பாடியிலே ஒரு துளைகூடப் போடாதே, தம்பி. இதுக்குச் சட்டம் தனியா கிடையாது, தகடுதான் சட்டம்" என்று எச்சரித்தார். அக்காளும் அதையே வேறு விதமாகச் சொன்னாள்: "அப்பா வண்டியை வெட்டிப் போட்டுடாதேங்கோ." ஆகவே பழைய எஞ்சினைக் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். வேண்டும்போது திரும்ப மாட்டலாம்.

சக்கர மோட்டாரின் அச்சுக்கு இரு பக்கமும் கனத்த இரும்புத் தகடு பிடித்து முடுக்கினோம். முறுக்குவிசை வரும்போது அச்சே சுழன்றுவிட்டால் ஒயர்கள் எல்லாம் அறுந்துபோகும். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும் சுவிட்சு இரு பிரேக்கிலும் உண்டு. கைப்பிடியில் வேகம் கூட்டும் சாதனத்தில் மூன்று ஒயர்கள். அதில் ஒரு குறிப்பிட்ட ஒயர் அறுந்தால், முழு வேகம் கேட்பதாகக் கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைத் தூக்கி வைத்து, வேண்டுமென்றே அந்த ஒயரைக் கழற்றிப் பார்த்தோம். சக்கரம் வெறி பிடித்ததுபோல் சுற்றியது. பையன் முகம் வெளிறியது. அதன் பிறகு, கை எட்டும் இடத்தில் மொத்த மின்சாரத்தையும் வெட்டும் சிவப்பு சுவிட்சு ஒன்றை அவனாகவே வைத்தான்.

மோட்டார் மூன்று கிலோவாட். எட்டு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி ரோட்டில் ஓட்டலாமா என்ற கேள்வி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டு, பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அந்த வண்டியை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அதற்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். இந்தச் சலுகையைக் காட்டி அதிகச் சக்தியுள்ள வண்டிகளைச் சில கடைகளில் விற்றதை 2023இல் கேரள மோட்டார் வாகன இலாகா சோதனையில் கண்டுபிடித்தது. நம் மூன்று கிலோவாட் வண்டி அந்தச் சலுகைக்குள் வரவே வராது. வரம்பைப்போலப் பன்னிரண்டு மடங்கு!

பதிவான வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றிலேயே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் கதவு முழுக்க அடைபடவில்லை. பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற 2016இல் விதி ஏற்பட்டது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்கள் அந்தந்த மாடலுக்கென அங்கீகரித்த சாதனத் தொகுப்பை, அனுமதி பெற்றவர் கையால் மாட்டி, ஆர்.டி.ஓ. பார்வையிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொண்டால் ரோட்டில் ஓட்டலாம். இல்லையேல் இன்ஷூரன்ஸ் செல்லாது; விபத்து நேர்ந்தால் எதிரே வந்தவனுக்கு நஷ்டஈடு கிடைப்பதும் கஷ்டம். சட்டம் நம்மைத் தொல்லைப்படுத்துவதாகப் பையன் முதலில் குமுறினான். அடுத்தாத்துப் பாட்டியை நினைத்துக்கொள் என்றேன். வீதியில் நடப்பவர்களும் அவளைப் போன்றவர்கள்தான்.

முன்னே போனவர்கள்

இந்த ஆசை பாலக்காட்டுப் பையனுக்கு மட்டும் வந்ததல்ல. நம் ரயில் பாதையிலேயே உள்ள சாலக்குடியில் 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்சாரக் கார் தயாரிக்கப்பட்டு, 1993இல் டில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஈயப் பாட்டரி, ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர். மேடான பாதைகளில் திணறியது. சில வண்டிகளோடு அந்த முயற்சி நின்றுபோயிற்று. காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை என்று சொல்லலாம். யோசனை சரியானது, பாட்டரி அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

கோவையில் ஹேமலதா அண்ணாமலை 2008இல் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். வேகம் குறைந்த, விலை குறைந்த வண்டிகளில் ஆரம்பித்துப் படிப்படியாக வளர்ந்தது. 2018இல் கிரீவ்ஸ் காட்டன் கம்பெனி அதன் பெரும்பங்கை வாங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் முதலில் ஸ்கூட்டருக்கு நல்ல பாட்டரி செய்யவே நினைத்தார்கள். சந்தையில் இருந்த வண்டிகள் அந்தப் பாட்டரிக்கு லாயக்கில்லை என்று கண்டு, வண்டியையே செய்வதென்று 2013இல் ஏதர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2016இல் ஸ்கூட்டரைக் காட்டினார்கள். விற்பனைக்கு வந்தது 2018இல். கெட்டிக்கார எஞ்சினீயர்களுக்கு, பணமும் ஆய்வுக்கூடமும் இருந்தும், ஐந்து வருஷம் பிடித்தது. இதைப் பையனிடம் சொன்னபோது அவன் விரல் விட்டு எண்ணி, "நான் ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆறது" என்றான். அதில் வருத்தம் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

முட்டுக்கட்டை

சென்ற மாதம் தெரிந்தவர் ஒருவரின் நெல் மில் களத்தில், மதில் சுவருக்குள், அனுமதி பெற்று வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பையன் ஏறினான். அப்பாவின் சேதக் கிளம்பும்போது பத்து வீட்டுக்குக் கேட்கும். இது ஒரு சப்தமும் இல்லாமல் களத்தைச் சுற்றி வந்தது. நெல் கொத்திக்கொண்டிருந்த புறாக்கள்கூட முதல் சுற்றில் பறக்கவில்லை. நான் ஏறி ஓட்டினேன். பின்னால் அக்காள் உட்கார்ந்து வந்தாள். "அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள். "பிரேக் பிடிக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்" என்றேன்.

வண்டி இப்போது மறுபடியும் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. பாட்டரி மட்டும் வீட்டுக்குள் இல்லை. கிணற்றடிக்கு அப்பால், ஓடு வேய்ந்த தனிக் கொட்டிலில் செங்கல் மேடையில் இருக்கிறது. பகலில், ஆள் இருக்கும்போதுதான் சார்ஜ் ஏற்றுகிறோம். அங்கீகாரம் பெற்ற சாதனத் தொகுப்பு இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்குமா என்று பையன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். கிடைக்காவிட்டால் வண்டி ரோட்டுக்கு வராது. அவன் கற்றுக்கொண்டது வீணாகாது. படிப்பு முடிந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் ஒரு பாட்டரியை எப்படிக் கையாளுவது என்று அவனுக்குத் தெரியும்.

நம் தேர்த் திருவிழாவை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும். எல்லார் கண்ணும் அங்கேதான். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி முட்டுக்கட்டையோடு நடந்து வருகிறாரே, அவரைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில் இருக்கிறது. அவர் இல்லாமல் வடத்தை யாரும் தொடுவதில்லை.

வீட்டில் ஸ்கூட்டர் செய்யும் பையன்களைத் தடுக்க வேண்டாம். சிறு பையன்கள் கையைச் சுட்டுக்கொண்டுதான் எதையும் கற்கிறார்கள். ஆனால் மோட்டாரை வாங்குவதற்கு முன் முட்டுக்கட்டையைத் தயார் செய்யச் சொல்லுங்கள். எங்கள் திண்ணைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கரும்புள்ளியைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.